குளியலறைக்குள் எரியும் அடுப்பு

கேஸ் கீசர் ஆளைக் கொல்ல, கேஸ் கசிய வேண்டியதில்லை. டியூப் புதியது, ரெகுலேட்டர் சரியாக இருக்கிறது, சிலிண்டரில் குறையில்லை, வாடை துளியும் இல்லை. குளிக்கப் போனவர் மட்டும் வெளியே வரவில்லை. பெங்களூரிலிருந்து அடிக்கடி வரும் இந்தச் செய்தியைப் படிக்கும்போது "கேஸ் லீக் ஆயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, நம் வீட்டுச் சிலிண்டரை ஒருமுறை முகர்ந்து பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். முகர்ந்து கண்டுபிடிக்கும் ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி மூக்குக்குத் தெரியாத ஆபத்தைப் பற்றியது.

எங்கள் பாலகாட், கோலார் தங்கவயல் சுரங்க வரிசையின் வடகோடி. தெற்கே மைசூர் மைனில் தொடங்கி சாம்பியன் ரீஃப், உரிகாம், நந்திதுர்க் என்று வந்து இங்கே முடியும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,800 அடி. மார்கழி, தை விடியலில் குளிர் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஊட்டிக் குளிர் அளவுக்கு இல்லைதான், ஆனால் விடியுமுன் பச்சைத்தண்ணீரைத் தலையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் வேலை நாள் சங்கு ஒலியோடு தொடங்குவதில்லை, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயிலோடு தொடங்குகிறது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர் இருட்டிலேயே குளித்தாக வேண்டும். விறகு வைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்ச நேரமில்லை, விறகும் இல்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த பழைய லைன் வீட்டு ஒயரிங் பெரிய கரண்ட் கீசரைத் தாங்குமா என்ற பயம் வேறு. குழாயைத் திறந்ததும் கொதிக்கக் கொதிக்கக் கொட்டும் கேஸ் கீசர் இங்கே ஒருவருக்குத் தோதாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. குளிர், அவசரம், இருட்டு, சாத்திய கதவு என்று இந்தக் கருவி விபத்தாகத் தேவையானவை எல்லாம் அந்த ஒரே வேளையில் கூடிவிடுகின்றன.

லைன் வீடுகளின் அமைப்பையும் சொல்ல வேண்டும். வரிசை வீடு என்பதால் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்று வர முன்பக்கமும் பின்பக்கமும்தான் வழி. குளியலறை பெரும்பாலும் பின்னால் பிறகு சேர்த்துக்கட்டியது. முன்பெல்லாம் அது தட்டியும் தகரமுமாக இருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும் சந்து. ஊதக்காற்றில் நடுங்கிக்கொண்டு குளித்தோம் என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அந்தச் சந்துகள்தான் அவர்களைக் காப்பாற்றின. இப்போது பிள்ளைகள் சம்பாதித்து டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் இறுக்கமாகப் பொருந்தும் பிவிசி கதவு, மேலே கான்கிரீட், வென்டிலேட்டருக்குக் கண்ணாடி. தகர அறையில் மாட்டியிருந்தால் பெரிதாகத் தொல்லை தராத அதே கீசர், இந்தப் புது அறையில் விஷம் தயாரிக்கும். வீட்டைச் சீர்படுத்திய வருடம்தான் அதிகக் கவனம் வேண்டிய வருடம்.

வென்டிலேட்டருக்குக் கண்ணாடி போட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காற்று வீசும் மாதங்களில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் புழுதி சோற்றுப் பானை வரை வருகிற ஊர் இது. ஜன்னலைச் சாத்துவது இங்கே பழக்கம். புழுதியைத் தடுக்க வழி கண்ணாடி இல்லை. நெருக்கமான கம்பிவலையோ, சாய்வுப் பட்டைகள் வைத்த ஜன்னலோ போதும். புழுதியில் பெரும்பகுதி நிற்கும், காற்று நிற்காது.

சுடர் எவ்வளவு காற்றைத் தின்னும்

பூமிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃபில் காற்று தானாக வந்ததில்லை; அனுப்பப்பட வேண்டியிருந்தது. அதற்கென்று விசிறிகள், தனிக் காற்றுப் பாதைகள், அவற்றைப் பார்க்க ஆட்கள். வெடி வைத்தபின் புகை விலகும் வரை அந்த இடத்துக்கு யாரும் போகக் கூடாது. வெடிப்புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஆட்கள் வேலை செய்யும் இடத்தின் காற்றில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியச் சுரங்க விதி. வெளிக்காற்றில் இருப்பது ஏறக்குறைய 21. அந்த இரண்டு சதவீத வித்தியாசத்துக்காகச் சுரங்கத்தில் அத்தனை ஏற்பாடு. வீட்டுக் குளியலறையில் காற்றைப் பார்க்க ஆள் கிடையாது.

ஒரு கணக்குப் போடுவோம். நாலுக்கு ஐந்து அடி குளியலறை, எட்டடி உயரம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 4,500 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரணக் கேஸ் கீசர், தண்ணீரை 25 டிகிரி சூடேற்றினால், மணிக்கு ஏறக்குறைய 900 கிராம் கேஸ் எரிக்கும். சமையல் கேஸ் ஒரு கிலோ முழுசாக எரிய சுமார் 3.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆக்சிஜன். அறை முழுக்க அடைபட்டதாக இருந்தால், 21-இலிருந்து 19-க்கு இறங்க இரண்டே நிமிடம். 15 லிட்டர் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆகும். முதல் வாளி நிறைவதற்குள் உங்கள் குளியலறை, சுரங்கமாக இருந்தால் ஆட்களை வெளியேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

நிஜ அறையில் கதவிடுக்கில் கொஞ்சம் காற்று வரும், அதனால் நேரம் கூடும். ஆனால் இரண்டு நிமிடம் நாலாகவோ ஆறாகவோ ஆவதில் எவ்வளவு ஆறுதல்? அடுப்பிலும் இதே கேஸ்தானே எரிகிறது, சமையலறையில் யாரும் விழவில்லையே என்று கேட்பார்கள். கீசரின் சுடர் ஒரு சாதாரண அடுப்பு பர்னரைப் போலப் பல மடங்கு கேஸை எரிக்கிறது. சமையலறை பெரியது, வாசல் திறந்திருக்கும், யாரும் தாழ் போட்டுக்கொண்டு சமைப்பதில்லை.

ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் முழுசாக எரியாது. முழுசாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும்; அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கமறவும் செய்யாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி. 1,600 பங்கு இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மரணம். 12,800-ஐத் தொட்டுவிட்டால் ஒன்று முதல் மூன்று நிமிடம். பூட்டிய அறையில் மோசமாக எரியும் கருவி இந்த ஏணியில் வேகமாக ஏறும்.

இதில் பயங்கரம், முதலில் கால்கள் போய்விடுவதுதான். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, ஏதோ சரியில்லை என்று புரிகிறது; எழுந்து தாழ்ப்பாளை எட்ட முழங்கால் ஒத்துழைக்காது. சுரங்கத் தொழிலாளர் வாழ்க்கையை 'ஜெர்மினல்' நாவலாக எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி சோலா, 1902 செப்டம்பரில் தன் பாரிஸ் வீட்டுப் படுக்கையறையில் இப்படித்தான் இறந்தார். புகைபோக்கி அடைபட்ட கணப்பு. ஜன்னலைத் திறக்க எழுந்தவர் வழியிலேயே விழுந்தார் என்று சொல்வார்கள். மனைவி பிழைத்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1890-களில், இங்கிலாந்தில் ஜே. எஸ். ஹால்டேன் என்ற அறிஞர் நிலக்கரிச் சுரங்கத்தில் சின்னக் குருவியைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்னார். மனிதனுக்கு முன் அது சோர்ந்துவிடும். 1986 வரை அந்த நாட்டுச் சுரங்கங்களில் கனேரிக் குருவிகள் வேலை பார்த்தன. இன்றைக்குக் குருவியின் இடத்தில் பேட்டரி போட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது. கேஸ் கீசரோ ஹீட்டரோ வாங்குகிறவர் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது என் கட்சி. கடைக்காரர் "கேஸ் டிடெக்டர்" என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் சமையல் கேஸ் கசிவைப் பிடிப்பது. இது வேறு, அது வேறு. பெட்டி மேல் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். படுத்திருக்கும்போது மூச்சு விடும் உயரத்தில், படுக்கையறைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி பின்பக்கம் இருக்கும்.

கீசர் எங்கே இருக்க வேண்டும்

குளியலறைக்கு வெளியே. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

லைன் வீட்டில் இது கஷ்டமான வேலையும் இல்லை. குளியலறையின் வெளிச்சுவரில், மழை படாமல் சின்னத் தகரக் கூரை போட்டு, கொல்லைப்பக்கம் திறந்த இடத்தில் கீசரை மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் சுவர் துளைத்து உள்ளே விடலாம். சிலிண்டரும் வெளியேதான் நிற்கும். கூடுதலாகச் சில அடிக் குழாய், ஒரு துளை, பிளம்பருக்கு ஒரு மணி நேரக் கூலி. "வெளியில் வைத்தால் திருட்டுப் போகும்" என்பார்கள். கம்பி வலைக் கூண்டு போடுங்கள், பலகைப் பெட்டி போட்டு மூடாதீர்கள். மூடினால் மறுபடி அதே அடைத்த அறைதான். ஜன்னலுக்கு நேர் கீழேயும் மாட்டக் கூடாது. எரிந்த காற்று மேலே எழும்பி வீட்டுக்குள் நுழையும். அடுத்த வீட்டு ஜன்னலையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், லைனில் சுவர்கள் நெருங்கி இருக்கின்றன.

வாடகை வீட்டில் உள்ளேதான் மாட்டியிருக்கிறது, வீட்டுக்காரர் மாற்ற மாட்டேன் என்கிறார் என்றால், குளிக்கும் முறையை மாற்றுங்கள். கதவை விரியத் திறந்து வைத்து இரண்டு வாளி வெந்நீர் பிடியுங்கள். கீசரை நிறுத்துங்கள். சில நிமிடம் அறையில் காற்று மாறட்டும். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் குளியுங்கள். வாரத்தில் சில நாள் மட்டும் தண்ணீர் வரும் ஊரில் ஷவருக்கு அடியில் நிற்கும் ஆடம்பரம் ஏற்கெனவே கிடையாது; வாளிக் குளியல் நமக்குப் புதிதில்லை. குளிக்கும் நேரமும் எரியும் நேரமும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஆபத்தில் பெரும்பங்கு போய்விடும்.

காற்று வர இரண்டு வழி வேண்டும், தரைக்கு அருகில் ஒன்று, கூரைக்கு அருகில் ஒன்று. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு செங்கல்லை உருவி எடுத்த அளவு. கீழே வழி இல்லாமல் மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டால் அது சும்மா சுற்றும். புகைக்குழாய் வைத்த கீசராக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே வரக் காற்றுக்கு வேறு வழி இல்லாததால், வெளியே போகவேண்டிய எரிகாற்றையே ஃபேன் குழாய் வழியாக அறைக்குள் இழுத்துவிடும். ஆகவே ஃபேனை நம்புமுன் கதவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

குழந்தை, கர்ப்பிணி, முதியவர் குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் வேண்டாம். கதவைச் சாத்தினால் போதும், வெளியே ஒருவர் இருக்கட்டும். "என்னம்மா, ஆச்சா?" என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குரல் கொடுப்பதும் "இதோ வர்றேன்" என்று பதில் வருவதும் நம் வீடுகளில் இருக்கும் வழக்கம்தான். பதில் வராவிட்டால் கதவைத் திறப்பதில் கூச்சம் பார்க்காதீர்கள். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குரலும் இல்லை. முன்பணம் கொடுக்குமுன் அவர்கள் பார்க்கவேண்டிய முதல் இடம் குளியலறை: கீசர் எது, எங்கே இருக்கிறது, வென்டிலேட்டர் திறந்திருக்கிறதா அல்லது அட்டை ஒட்டி அடைத்திருக்கிறதா.

நீலம், மஞ்சள், உப்பு

கீசரின் முன்பக்கச் சிறு கண்ணாடி வழியே சுடரைப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிந்தால் நல்லது. மஞ்சள் நாக்கு நீட்டினால், சோம்பலாக ஆடினால், மேல் தகரத்தில் கரி படிந்தால், சுடருக்குக் காற்று போதவில்லை. உடனே நிறுத்த வேண்டும். நீலச் சுடர் இருந்தால் கார்பன் மோனாக்சைடே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது, அடைத்த அறையில் நீலச் சுடரும் ஏமாற்றும். ஆனால் மஞ்சள் சுடர் பொய் சொல்லாது.

கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, கீசருக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் குழாயிலும் படிகிறது. தண்ணீர் ஓட்டம் குறையும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும். வெளிப்பக்கம் சுடருக்கு மேலே இருக்கும் செம்புத் தகடுகளின் சந்துகளில் கரியும் தூசியும் சேரும். எரிந்த காற்று மேலே போகவேண்டிய வழி அந்தச் சந்துகள்தான். அடைபட்டால் புகை திரும்பிக் கீழே வரும், சுடர் மூச்சுத் திணறும், கார்பன் மோனாக்சைடு பெருகும். முதல் வருடம் சரியாக இருந்த கீசர் மூன்றாவது வருடம் ஏன் ஆளைச் சாய்க்கிறது என்பதற்கு இது பாதி விடை. வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி முடிவதற்குள், பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டு இரண்டையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் ஊரில் குளிர் வந்தபின் அவர்களைப் பிடிப்பது கடினம்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள். கேஸ் கீசருக்கென்றே ஐஎஸ் 15558 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் வசதியும், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் சென்சாரும் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்சார் இருக்கிறது என்பதற்காக உள்ளே மாட்டலாம் என்று விற்பனையாளர் சொன்னால் கேட்காதீர்கள்.

கேஸ் ஹீட்டரும் கங்குத் தட்டும்

அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர் தங்கவயலில் அபூர்வம். ஆனால் நம் ஆட்கள் குளிர்ப் பிரதேசத்துக்குச் சுற்றுலா போகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து போன சுற்றுலாக் குழுவில் எட்டுப் பேர், அதில் நான்கு குழந்தைகள், ஒரே இரவில் இறந்தார்கள். விடுதியில் வேறு அறைகள் எடுத்திருந்தும், ஹீட்டர் இருந்த அறையில் எல்லோரும் சேர்ந்து படுத்தார்கள். கதவும் ஜன்னலும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. குளிருக்கு ஒன்றாகக் கூடிப் படுப்பதும் ஜன்னலை இறுக்குவதும் நாம் எல்லோரும் செய்யக்கூடியதே.

புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் அறையைச் சூடாக்கி, படுக்குமுன் அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, கம்பளியை நம்புங்கள். எரியும் நேரமெல்லாம் ஒரு ஜன்னல் ஒரு கையளவாவது திறந்திருக்கட்டும். கட்டில், திரைச்சீலை, காயப்போட்ட துணி எல்லாம் ஒரு மீட்டருக்கு அப்பால். சமையல் அடுப்பைப் பற்றவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து குளிர்காய்வதும் கேஸ் ஹீட்டர் போடுவதும் ஒன்றே.

நம் வீடுகளில் ஹீட்டரைவிட அதிகம் இருப்பது கங்கு. பிள்ளை பெற்ற வீட்டில் கதவைச் சாத்தி, தூபக்காலில் கரிக்கங்கு போட்டு, சாம்பிராணிப் புகையில் குழந்தையின் தலையை உலர்த்துவோம். தாயின் கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைப்பவர்களும் உண்டு. புகை இருக்கும்போதாவது கண் எரிந்து கதவைத் திறப்போம். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று கனலும் கங்கு "சுத்தமான நெருப்பு" என்று தோன்றும். கார்பன் மோனாக்சைடைத் தாராளமாகத் தருவது அந்தக் கங்குதான். பச்சைக்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும், சீக்கிரம் பாதிக்கப்படும். தாய்க்குச் சூடு வேண்டுமென்றால் வெந்நீர்ப் பை இருக்கிறது. சாம்பிராணி காட்டியே தீரவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், வாசல் கதவைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் தூபக்காலை முற்றத்துக்கு அனுப்புங்கள். கொடைக்கானலில் 2024-இல், இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவே இல்லை.

கசிவு

இதைப் பற்றி ஏஜென்சிக்காரர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டரைக் குழிக்குள், படிக்கட்டுக்கு அடியில், சாக்கடைத் துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. எப்போதும் நிமிர்த்தி வைக்க வேண்டும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியேறுங்கள். சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தள்ளிப் போய் 1906-க்கு அழையுங்கள். நாடு முழுவதற்கும் இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்யும் கேஸ் கசிவு எண் அது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிற டியூபை மட்டும் போட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி பாருங்கள். தீக்குச்சியால் சோதிக்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுப்புக்கும் கீசருக்கும் ஒரே சிலிண்டரிலிருந்து டீ ஜாயின்ட் போட்டுப் பிரிக்கும் உள்ளூர் வேலை வேண்டாம்.

ஒருவர் விழுந்துவிட்டால்

கதவைத் திறந்ததும் அவரை இழுத்து வெளியே போடுங்கள். கீசரை அணைக்கப் போய் உள்ளே நிற்காதீர்கள், ஒரே ஆள் என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு போய் இழுத்து வாருங்கள். காப்பாற்றப் போனவர் பக்கத்திலேயே விழுவது அடிக்கடி நடக்கிறது. திறந்தவெளியில் படுக்கவைத்து, ஈர உடம்பைப் போர்த்தி, 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் உடனே நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். எலுமிச்சம்பழம் தேய்ப்பது, சாவி கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும்.

சாவி கொடுப்பதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடால் விழுகிறவருக்கு வலிப்பும் வரலாம். தென் கர்நாடகத்தில் வெந்நீரைத் தலையில் ஊற்றும்போது வரும் ஒருவகை வலிப்பு உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆகவே குளியலறையில் வலிப்பு என்றதும் அந்தப் பக்கம் நினைப்பு போய், கீசர் மறந்துவிடும். மாத்திரையோடு வீட்டுக்கு வந்தவர் மறுவாரம் அதே கீசருக்குக் கீழே குளிப்பார். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "சாத்தின பாத்ரூமில் கேஸ் கீசர் எரிஞ்சுட்டிருந்தது."

கொரோனா காலத்தில் வாங்கிவைத்த, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 97, 98 என்று காட்டினால் நிம்மதியடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தையும் அந்தக் கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ரத்தத்தை எடுத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிகிச்சை ஆக்சிஜன்தான்: சாதாரணக் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும், முகமூடி வழியே சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணிக்குள் பாதியாகும். ஆம்புலன்சிலேயே ஆக்சிஜன் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், கோலார் பெரிய ஆஸ்பத்திரி போகும் வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணி என்றால், தாய் தெளிந்துவிட்டாலும் விடாமல் காட்டுங்கள். வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்திலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறும்.

விழாதவர்களுக்கும் ஒரு அடையாளம் உண்டு. குளித்து வந்ததும் தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி. திண்ணையில் உட்கார்ந்தால் அரை மணியில் சரியாகிவிடும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி என்றால் பித்தம், குளிர்ஜுரம் என்று கஷாயம் வைக்காதீர்கள், அன்றே கீசரை நிறுத்துங்கள். பிழைத்து வீடு திரும்பியவரை ஒரு மாதமாவது கவனியுங்கள். சில நாளிலிருந்து சில வாரம் கழித்து மறதி, எரிச்சல், நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்படாமை தோன்றக்கூடும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் பழைய சீட்டோடு திரும்ப மருத்துவரிடம் போக வேண்டும். கீசரைப் பொறுத்தவரை, மெக்கானிக் பார்த்து, இடம் மாற்றி, வெளிச்சுவரில் ஏற்றும் வரை சிலிண்டரிலிருந்து டியூபைக் கழற்றி வையுங்கள். சும்மா மூடி வைத்தால், மறுநாள் காலை ரயிலுக்கு நேரமாகிறது என்று யாராவது திறந்துவிடுவார்கள்.